பேட்டரியில் துரு

“இது காட்டுக்காரனுங்க வேலை. மாயாண்டிதான் உள்ளாள்!”

கணக்குப் பார்க்கும் கிராணி சிவசாமி போட்ட சத்தத்தில் ரப்பர் தோட்டமே கூடிவிட்டது.

முந்தாநாள் வரை நன்றாக ஓடிய டிராக்டர் அன்று காலை அசையவில்லை. பின்னால் பூட்டிய தொட்டியில் ரப்பர் பால் வெயிலில் உறையத் தொடங்கியிருந்தது.

மலாயாவில் அவசரகாலம். காட்டில் பதுங்கிய கம்யூனிஸ்டுகளுக்குக் கையாள் என்று யாராவது கை காட்டினால் போதும், விசாரணையே இல்லாமல் உள்ளே தள்ளிவிடுவார்கள். கிராணி போன் போட்டதும் செலண்டார் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து சார்ஜன் தம்புசாமி ஜீப்பில் வந்து இறங்கினார்.

“நான் ஒண்ணும் செய்யலைங்கய்யா.” டிரைவர் மாயாண்டி இன்ஜினை விட்டு நிமிர்ந்தான்.

“ஸ்டேஷன்ல வந்து சொல்லு. ஏறு.”

பால்வாளியைப் போட்டுவிட்டு அவன் மனைவி பெரியநாயகி ஓடிவந்தாள்.

“ஐயா, அஞ்சே நிமிஷம் கொடுங்க. அவரு சரி பண்ணிடுவாரு.” புருஷன் பக்கம் திரும்பினாள். “என்னய்யா மரமாட்டம் நிக்கிற? ஹாரன் அடிச்சுப் பாத்தியா?”

“அடிச்சேன், சத்தமே வரலை.”

“லைட்டு?”

“அதுவும் எரியலை.”

“அப்புறம் எதுக்கு இன்ஜினைப் போட்டு நோண்டுற? பேட்டரியைப் பாரு. வீட்டுல வாய் ஓயாம அதைத்தானே பேசுவ!”

“பொம்பளை மெக்கானிக் வந்துட்டா லா!” கிராணி சிரித்தார்.

மாயாண்டி பேட்டரி வயரைக் கழற்றினான். எட்டிப் பார்த்த பெரியநாயகி சட்டென்று கொண்டை ஊசியை உருவி, முனையில் காய்ந்து ஒட்டியிருந்ததைத் தானே சுரண்டி எடுத்தாள்.

“இப்ப மாட்டி முறுக்கு.”

சுவிட்சைப் போட்டதும் டிராக்டர் உறுமியது. கூட்டம் கைதட்டிக் கூச்சல் போட்டது.

“உள்ள என்னம்மா இருந்துச்சு?” என்றார் சார்ஜன். “எவனாவது எதையாவது வெச்சிருந்தா சொல்லு. அவனை இப்பவே ஏத்திட்டுப் போறேன்.”

மாயாண்டி வாயைத் திறந்தான். பெரியநாயகி அவன் காலை மிதித்தாள்.

“துருங்கய்யா. வெறும் துரு.”

ஜீப் போனது. மாயாண்டி பால் தொட்டியை இழுத்துக்கொண்டு ராஜா மாதிரி பேக்டரிக்குப் புறப்பட்டான்.

கிராணி தொண்டையைச் செருமினார். “உன் புருஷன் தப்பிச்சான். இனிமேலாவது கவனமா இருக்கச் சொல்லு.”

“நீங்களும்தான் ஐயா,” என்றாள் பெரியநாயகி. “நேத்து ஆயுத பூசையில முதல் மரியாதை எனக்குத்தான்னு நீங்களே வயரைக் கழட்டி, பேட்டரி முனையில சந்தனத்தை அப்பி மாட்டினீங்களே, அடுத்த வருஷம் மேலாப்புல ஒரு பொட்டு மட்டும் வெச்சிடுங்க.”