இடது பக்கச் சத்தம்

"இது நாலாவது லெட்டர் தம்பி. தேதி போட்டு, வரிசை எண் போட்டு எழுதியிருக்கேன். ஒரு வரி விடாமப் படிங்க" என்று காகிதத்தைக் கவுன்டரின் மேல் நகர்த்தினார் காளிதாசன்.

கூலிம் நகரில் இருந்த அந்தக் கார் சர்வீஸ் சென்டரின் மேற்பார்வையாளன் திவாகரன், சிரிப்பை அடக்கிக்கொண்டு படித்தான்.

'ஒன்று: பாடாங் மேஹா தோட்டப் பாதையில் மாடு மோதிச் சேதமான என் காரின் முன்பக்கம் தங்களால் பழுதுபார்க்கப்பட்டது. இரண்டு: அன்று முதல் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் இடது பக்கம் டொக் டொக் என்று சத்தம். மூன்று: மூன்று முறை கொண்டுவந்து காட்டியும் சத்தம் நிற்கவில்லை.'

"அங்கிள், இப்பத்தானே ரெண்டு பேரும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்தோம். ஏதாச்சும் கேட்டுச்சா?"

"கேக்கல."

"போன தடவை?"

"அப்பவும் கேக்கல. இங்க வந்தா வாயே திறக்க மாட்டேங்குது. வீட்டுக்குப் போய் மறுநாள் வேலைக்குக் கிளம்பினா, பாலத்துக்கிட்டயே ஆரம்பிச்சிடுது."

"டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் ஓடிப்போற கேஸ்லா இது!"

"சிரிக்காதீங்க தம்பி. நீங்க குடுத்த மூணு மாசக் கேரண்டி நாளையோட முடியுது. நாளன்னிக்கு சிந்தோக் யூனிவர்சிட்டியில என் மகள் ரூபினிக்குப் பட்டமளிப்பு. எங்க குடும்பத்துல முதல் பட்டம். நானே கார் ஓட்டிப் போய் அவ முன்னால இறங்கணும்னு நாலு வருஷமாக் காத்துக்கிட்டு இருக்கேன். நடுவழியில ஹைவேயில சக்கரம் கழண்டு ஓடிச்சுன்னா?"

திவாகரன் சிரிப்பை நிறுத்தினான். "வீட்டுல ஆன்ட்டிக்கும் இந்தச் சத்தம் கேக்குதா?"

"அவளுக்கா? 'எனக்கு ஒண்ணும் கேக்கலயே, எல்லாம் முனியாண்டி பார்த்துக்குவாரு'ங்கிறா. ஆனா இங்க வர்ற அன்னிக்கு மட்டும் நான் எழுந்திருக்கிறதுக்குள்ள காரைக் கழுவித் துடைச்சு, கும்பிட்டுத்தான் அனுப்புறா."

"நீங்க போனட்டைத் திறந்து ஏதாச்சும் நோண்டினீங்களா?"

காளிதாசனுக்கு மூக்குக்குமேல் கோபம் வந்தது. "கேரண்டி பேப்பர்ல ஏழாவது வரி என்ன? 'வெளியாள் கை வைக்கக் கூடாது.' மூணு மாசமா நான் போனட் பக்கமே போகல. எட்டாவது வரி? 'முன்பக்கம் எதையும் மாட்டக் கூடாது.' மாடு மோதின வண்டி, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டியே ஆகணும்னு வீட்டுல ஒத்தைக் கால்ல நின்னா. அதையே நான் விடல! ஃபேக்டரி ஸ்டோர்ல இருபத்தாறு வருஷமா இருக்கேன். பேப்பர்ல இருக்கிறதை ஒரு நாளும் மீறினதில்லை."

திவாகரன் தலையைச் சொறிந்துகொண்டு, கடிதத்தை ஃபைலில் போட்டான். அந்த ஃபைல் ஏற்கெனவே தடித்திருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் காளிதாசன் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பூட்ஸ் காலோடு இறங்கினான் திவாகரன்.

"நோயாளியை வீட்டிலேயே வந்து பார்த்துடலாம்னு சொல்லாமக் கொள்ளாம வந்துட்டேன் அங்கிள். வாங்க, ஒரு ரவுண்டு போவோம்."

காளிதாசனின் மனைவி பிரேமாவதி பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லக்கூட நேரமில்லாமல் கார் கிளம்பியது.

செம்பனை மரங்களுக்கு நடுவே முதல் பள்ளம்.

டொக்.

இரண்டாவது பள்ளம்.

டொக் டொக்.

காளிதாசனின் முகம் நாலு நம்பர் லாட்டரி அடித்தவர் முகம்போல மலர்ந்தது. "கேட்டுச்சா? கேட்டுச்சா?"

"கேட்டுச்சு அங்கிள். நல்லாவே கேட்டுச்சு. மன்னிச்சிடுங்க, நான்கூட உங்களுக்குத்தான் காதுல ஏதோ கோளாறுன்னு நினைச்சேன்."

"மன்னிப்பெல்லாம் வேணாம். கையெழுத்துப் போடுங்க."

காரை ஓரம் கட்டி, சட்டைப் பையிலிருந்து ஐந்தாவது கடிதத்தை எடுத்தார். 'சத்தம் உண்மை. வாடிக்கையாளர்மீது தவறு இல்லை' என்று தயாராக எழுதி, கீழே கோடும் போட்டு வைத்திருந்தார். திவாகரன் அதை முழங்காலில் வைத்துக் கையெழுத்திட்டான்.

வீடு திரும்பியதும் வாசலிலேயே போனட்டைத் திறந்தான் திவாகரன். குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். இடது விளக்குக்குப் பின்னால், மஞ்சள் துணி சுற்றிக் கம்பியில் கட்டிய சாண் நீளப் பொட்டலம் ஒன்று இரும்புச் சட்டத்தில் இடித்தபடி ஆடிக்கொண்டிருந்தது.

காளிதாசன் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மூன்று மாதத்தில் முதல் தடவையாகப் பார்க்கிறார்.

"அந்த மஞ்சள் பார்ட்டுதான் லூசாயிடுச்சா? புதுசாவே மாத்திடுங்க தம்பி. கேரண்டி இன்னிக்கு வரைக்கும் இருக்கு!"

திவாகரன் மெல்லக் கையை நீட்டினான்.

பின்பக்கத்திலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தாள் பிரேமாவதி.

"ஐயோ தம்பி, பூட்ஸைக் கழட்டிட்டு முனியாண்டி அரிவாளைத் தொடுங்க! பூட்ஸ் காலோட நடமாடுற இடமாச்சேன்னு, ஒர்க்‌ஷாப்புக்குப் போற அன்னிக்கெல்லாம் அதை அவிழ்த்துச் சாமி மேடையில வெச்சிட்டு, கார் வீட்டுக்கு வந்ததும் நான்தானே மறுபடி கட்டி விடுறேன்!"