திரைக்குப் பின்னால் ஒரு டீ

பூர்வீகம் பார்த்து ஆள் எடுப்பதாகப் புகார் கிளம்பியதும், மத்திய வங்கி நேர்முகத் தேர்வறையில் திரை கட்டியது. பெயரும் கேட்பதில்லை. திரைக்குப் பின்னாலிருந்து பணவீக்கத்தைப் பற்றிச் செவ்வந்தி சொல்லி முடித்ததும் தலைவர் மேசையைத் தட்டினார்.

"இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்ல. ஒரு டீ குடுங்க."

டீ வந்தது. மலைக்காரர்கள் டீயை உறிஞ்சிக் குடிக்கும் சத்தம் ஊருக்கே கேலி. மலைக்காரியான அவள் தன் பேச்சு வழக்கை மாற்றிப் பழகியிருந்தாள். ஆனால் உறிஞ்சிப் பழகிய உதட்டை நம்ப முடியவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் எல்லோரும் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டியிருந்தார்கள். டீயில் ஆடை படிந்தது.

"குடிக்கலையாம்மா?"

"வேண்டாங்க சார்."

"மத்தவங்க எல்லாரும் குடிச்சாங்களே," என்றார் தலைவர். பிறகு, குரலைத் தாழ்த்தாமலே, "அடுத்த ஆளக் கூப்பிடுங்க."