பள்ளத்தில் விழுந்த பந்து

திண்ணனூர் மேட்டில் இந்த வருஷம் ஆட்டம் ஐந்தே ஓவர். பள்ளத்தில் அடித்துப் பந்தைத் தொலைத்தால் அவுட் என்ற பழைய விதியும் போய், இப்போது அது சிக்ஸர். பதினைந்து வருஷம் பந்தைத் தரையோடு உருட்டியே பேர் வாங்கிய சின்னக்கண்ணு, அணியில் இடமில்லாமல், பள்ளத்து மரவள்ளிக் காட்டில் பந்து பொறுக்க நிற்கிறான். மேலே இளவட்டம் தரணி மட்டையை வீசுகிறான். சாயங்கால வெயிலில் மின்னிக்கொண்டு வரும் பந்து சின்னக்கண்ணுவின் காலடியில் பொத்தென்று விழுகிறது. விசில் சத்தம் மலையில் மோதித் திரும்புகிறது. செருப்புக் காலால் பந்தை ஈர மண்ணுக்குள் அழுத்துகிறான். “அண்ணா, பந்து கெடச்சுதுங்களா?” என்கிறான் தரணி. “இல்ல சாமி, தொலஞ்சு போச்சு.” சொல்லிவிட்டு, பழைய பழக்கத்தில் அம்பயரின் ஒற்றை விரலைத் தேடுகிறான். அவரோ இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார். “உடுங்கண்ணா,” என்று தரணி சிரிக்கிறான், “பொட்டி நெறையப் பந்து இருக்குது.”