நாற்காலிக்கு என்னாச்சு?

"சார், அந்த டீச்சர் ஆவியோட பேசுறாங்க! எம்பையன் வீட்டுக்கு வந்து, 'இன்னிக்கு நாற்காலி அழுதுச்சு'ங்கிறான். எனக்கு அள்ளு விட்டுப்போச்சு!"

பையனோட அம்மா சொல்லி முடிக்கல, ஹெட்மாஸ்டர் விருட்டுன்னு எழுந்தார்.

"மனசு வகுப்புன்னு ஒரு பீரியட் கேட்டாங்கம்மா, குடுத்தேன். இன்னியோட அதுக்கு முழுக்கு! எம்பொண்ணும் அதே கிளாஸ்தான். அவளுக்கு எதுக்கு இதெல்லாம்? வீட்டுல சத்தமே வராது. ராத்திரி நான் உள்ள நுழையுறப்ப தூங்கியே போயிருப்பா. அப்படி வளத்திருக்கேன்!"

வராண்டாவுல நடந்தார். டக்... கிரீச். டக்... கிரீச். அவரோட எடது ஷூ எப்பவுமே அப்படித்தான். 'சாருக்கு முன்னாடி அவரு ஷூ வந்துரும்'னு பியூன் கிண்டலடிப்பார், அவர் காதுல விழாம.

வகுப்புக்கிட்ட வந்ததும் ரெண்டு பேரும் பூனை மாதிரி நடந்து, ஜன்னல் திரை இடுக்கு வழியா எட்டிப் பாத்தாங்க.

உள்ள லைட் இல்ல. திரையெல்லாம் மூடியிருந்துச்சு. புள்ளைங்க அத்தனை பேரும் கண்ண மூடி, மேசை மேல தலை கவுந்திருந்தாங்க. நடுவுல ஒரு காலி நாற்காலி.

டீச்சர் அதப் பாத்துக் கேட்டாங்க. "நாற்காலிக்கு இன்னிக்கு எப்படியிருக்கு?"

அப்புறம் எங்கேருந்தோ கிசுகிசுன்னு ஒரு குரல். ஆணா பொண்ணான்னுகூட தெரியல.

"நாற்காலிக்குப் பயமா இருக்கு மிஸ்."

அம்மா ஜன்னல் கம்பிய இறுக்கிப் புடிச்சாங்க. "பாத்தீங்களா சார்!"

"யாரும் தலையத் தூக்கக் கூடாது கண்ணுங்களா. யார் பேசுறாங்கன்னு பாக்கிறதில்ல, அதான நம்ம ஒப்பந்தம்? சரி, நாற்காலிக்கு எதுக்குப் பயம்?"

"ராத்திரி ஒரு சத்தம் வரும் மிஸ். கேட்டதும் நாற்காலி தூங்குற மாதிரி கண்ண மூடிக்கும். மூச்சே விடாது."

'புள்ளைங்கள வெச்சு பேய்க்கதையா!' ஹெட்மாஸ்டருக்கு சுர்ருன்னு ஏறுச்சு. கதவத் தள்ளிக்கிட்டு, பேசாம, நேரா அந்த நாற்காலியப் பாத்து நடந்தார்.

டக்... கிரீச். டக்... கிரீச்.

டீச்சர் பதறித் திரும்பினாங்க. புள்ளைங்க யாரும் தலையத் தூக்கல.

அந்தக் குரல் மட்டும் மறுபடி வந்துச்சு, முன்னைவிடச் சின்னதா.

"மிஸ்... இந்தச் சத்தம்தான்."