ரத்தம் எடுக்கத் தோதான நாள்

ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து நோய் இருக்கிறதா என்று பார்க்கும் மாட்டு டாக்டர், இந்தத் தடவை தேதியை மாடுகளையே குறிக்கச் சொல்லிவிட்டார்.

"எல்லாரும் நல்லாத்தானே இருக்கோம், இப்ப எதுக்கு?" என்றது செவலைப் பசு. தேதி தள்ளிப்போனது.

மறுவாரம் செவலையே லொக்கு லொக்கென்று இருமியது. "இருமலோட ரத்தம் கொடுத்தா நோய்னு எழுதிடுவாரு. முதல்ல குணமாகட்டும்," என்றது. மற்ற மாடுகளும் தலையாட்டின.

மயிலைக் காளைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "நல்லா இருந்தாலும் வேணாம், நோவு வந்தாலும் வேணாம்னா எப்பத்தான்க்கா பார்க்கிறது?"

"அதைத்தானே நாங்களும் யோசிக்கிறோம்!"

மயிலையும் யோசித்தது. தலைதான் கிறுகிறுத்தது. அந்த நேரம் பார்த்து அதன் தொண்டையும் கரகரத்தது. யார் காதிலும் விழாமலிருக்க, எல்லாரும் குடிக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் மூஞ்சியை முக்கி இருமிக்கொண்டது.