பாதி பின்னிய தலை

“அந்த உல்லாசக் கப்பல் நிக்காது அக்கா. போன மாசமே நம்ம தீவை விட்டுட்டாங்க, இப்போ பக்கத்துத் தீவுக்குத்தான் போகுது. நீ சீப்பைக் காட்டினா திரும்பிடுமா?” என்றான் படகுக்கார ஆன்செல்ம்.

“நிக்க வேண்டாம்டா. பக்கத்துல ஓட்டு, போதும்” என்றாள் ஒடீல்.

அவள் துறைமுகத்தில் கப்பல் பயணிகளுக்குத் தலை பின்னிவிட்டுப் பிழைத்தவள். அந்தக் கப்பலில் அறை துடைக்கும் அவள் மகள் லிசெட், கரை வந்ததும் முதல் ஆளாக அம்மா முன் உட்காருவாள். அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வருவார்கள். கடைசி முறை சங்கு சீக்கிரமே ஊதிவிட்டது. ஒரு பக்கம் பின்னலும் மறுபக்கம் விரிந்த முடியுமாக, “மிச்சத்தை அடுத்த வாரம் முடிச்சிடும்மா” என்று ஓடினாள். ஒரு கை தொடங்கிய பின்னலை வேறு கை முடிக்கக் கூடாது என்பது அந்தத் தீவின் வழக்கம்.

“இந்நேரம் அவிழ்த்திருப்பா அக்கா.”

“என் பொண்ணு அவிழ்க்க மாட்டா.”

கப்பலின் வெள்ளைச் சுவர் வானத்தை மறைத்தது. வேலைக்காரர்களின் அறைகள் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தன. அவற்றுக்கு ஜன்னல் இல்லை. தீவு தங்களை வரவேற்கிறது என்று நினைத்து, மேல்தளத்துப் பயணிகள் உற்சாகமாகக் கையசைத்தார்கள். ஒடீல் எழுந்து நின்றாள். தடுமாறியவளை ஆன்செல்ம் ஒரு கையால் பிடித்துக்கொண்டான். தொப்பி போட்ட ஒரு பெண் அவளைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டிருந்தாள். ஒடீல் அவளை நோக்கிக் கத்தினாள்.

“அம்மா, என் பொண்ணு லிசெட் உள்ளதான் இருக்கா. ஒரு நிமிஷம் மேல வரச் சொல்லுங்களேன்!”