சுருட்டுக்கு ஒரு ஆள்

"ஒரு பெட்டியைப் பார்த்துக்கிறதுக்கு மாசச் சம்பளமா?"

ஜுவைரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லாரிக்கு உதிரிபாகம் செய்யும் அந்தக் கம்பெனியில் அவள் ஹெச்.ஆர். மேனேஜராகச் சேர்ந்து பத்தே நாள். வருஷம் 2009. எங்கேயோ அமெரிக்காவில் பேங்க் கவிழ்ந்ததற்கு இங்கே ஆர்டர் படுத்துவிட்டது. ஒரு ஆளைக் குறைத்தே ஆகவேண்டும் என்று முதலாளி ஆதிநாராயணன் சொல்லியிருந்தார்.

கடைசியாகச் சேர்ந்தது கேன்டீன் செல்வி. புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். அவளை எப்படிப் போகச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தபோதுதான் அப்பாவு கண்ணில் பட்டார்.

முதலாளி அறையில், ஏ.சி. காற்றில், பளபளவென்று ஒரு மரப்பெட்டிக்கு முன்னால் பயபக்தியோடு நின்றுகொண்டிருந்தார் மனுஷர்.

"இது இன்னா தெரியுமா மேடம்? ஹூமிடாரு. ஐயாவோட சுருட்டு காயாம இருக்கறதுக்கு. ஈரம் காட்டுற இந்த முள்ளு எழுவதுலயே நிக்கணும். எறங்குச்சின்னா சுருட்டு வெடிச்சிடும். ஏறுச்சின்னா பூஞ்சை புட்சிடும்."

"தண்ணி நீங்கதான் ஊத்துவீங்களா?"

"போர் தண்ணி ஆவாது, உப்பு. பேட்டரிக்கு ஊத்துறோமே, அந்தத் தண்ணிதான். பொட்டியே மூணாவது பொட்டி மேடம்! மொதல்ல தேக்குல செஞ்சாரு, சுருட்டு பூரா தேக்கு வாடை. அடுத்தது கண்ணாடி மூடி, காத்து பூந்துக்கினே இருந்துச்சி. இது சிங்கப்பூர். மூடி எப்டி எறங்குது பாருங்க, பூ மாதிரி."

"இதைத் தவிர வேற என்ன வேலை செய்றீங்க?"

"மாசத்துக்கு ஒரு தபா மேல கீற சுருட்ட கீழ வெப்பேன், கீழ கீறத மேல வெப்பேன்" என்றார் அப்பாவு, பெருமையாக.

கரண்ட் போனால் ஷெட்டில் ஃபேன் நின்றுவிடும். ஆட்கள் வெந்து போவார்கள். இந்த அறை ஏ.சி. மட்டும் ஜெனரேட்டரில் ஓடும். சுருட்டுக்கு வேர்க்கக் கூடாதாம்!

மதியம் முதலாளி வந்ததும் நேராகப் போய் நின்றாள்.

"சார், அப்பாவுவை எடுத்துடலாம்."

"அவன் மேல மட்டும் கை வெக்காதம்மா."

"நீங்க சுருட்டு பிடிக்கிறதுக்காக செல்வி வேலை போகணுமா சார்?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆதிநாராயணன் கோபப்படவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"நான் சுருட்டைத் தொட்டு ஆறு வருஷம் ஆச்சு. பைபாஸ் பண்ணப்பவே நிறுத்தியாச்சு."

"அப்புறம் இந்தப் பெட்டி?"

"கம்பெனி ஆரம்பிச்சப்போ நாங்க ரெண்டே பேரு. நானும் அப்பாவுவும். என்னோட பிரஸ்லதான் அவனுக்கு ரெண்டு விரல் போச்சு. மெஷின்ல நிக்க முடியாது. சும்மா குடுத்தா வாங்கமாட்டான், ரோஷக்காரன். பெட்டியை மூடினா அன்னைக்கே கெளம்பிடுவான். உனக்குத் தெரியும்னு அவன்கிட்ட காட்டிக்காத."

ஜுவைரியாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் வெட்கப்பட்டு என்ன பயன்? பட்டியலில் இப்போது செல்வி பெயர்தானே ஏறவேண்டும்?

சாயங்காலம் அப்பாவுவே அவளைத் தேடி வந்தார்.

"பட்டியல்ல என் பேரு கீதாமே?"

"இல்ல, பயப்படாதீங்க. செல்விதான்..."

அப்பாவு இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"என் பேரையே போடுங்க மேடம்."

"உங்க வேலை?"

"இன்னா பெரிய வேலை? ஆறு வருசமா உள்ள அதே இருவத்தஞ்சி சுருட்டுதான் கீது. பொரட்டிப் பொரட்டி வெக்கிறவனுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா வர்றீங்க?"

"என் பையன் பொன்னேரில ஊடு கட்டிக்கினு வா வான்றான். நான் நின்னுட்டா ஐயாவுக்கு என் வெரலு நெனப்பு வந்துடும். அதை நெனச்சி நெனச்சி பேஜாராயிடுவாரு. ஏற்கெனவே நெஞ்சு நோவுக்காரரு. அதான் வந்துக்கினு கீறேன்."

"அப்ப நீங்களே போறேன்னு சொல்லலாமே?"

"மூணு தபா சொன்னேன். மூணு தபாவும் சம்பளத்த ஏத்திட்டாரு! நீங்க தூக்குனாதான் உண்டு, ஐயா கோவம் உங்க மேல பூடும். எனக்குத் தெரியும்ன்றத மட்டும் ஐயாகிட்ட மூச்சு உட்றாதீங்க."

சனிக்கிழமை, முதலாளி வராத நேரமாகப் பார்த்து, அப்பாவு கணக்கு முடித்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை காலை முதலாளி போட்ட சத்தம் கேட் வரைக்கும் கேட்டது.

"அவ்வளவு சொல்லியும் அவனை அனுப்பிட்டியே! போன் பண்ணிக் கெஞ்சினேன். 'மேடம் போன்னு சொன்னப்புறம் நான் எப்டி ஐயா வருவேன்'ங்கறான். உனக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்காம்மா?"

"கம்பெனிக்கு எது நல்லதோ அதைத்தான் சார் செஞ்சேன்" என்றாள் ஜுவைரியா, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு.

தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். ஆபீஸில் ஒருவரும் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

செல்வி டீ கொண்டுவந்து மேஜையில் ணங்கென்று வைத்தாள். திரும்பிப் போகும்போது, காதில் விழட்டும் என்றே முனகினாள்:

"பாவம் அந்தப் பெரிய மனுசன். வயித்துல அட்ச்சிட்டாளே!"

டீயில் சர்க்கரையே இல்லை. ஜுவைரியா அதை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.